பழைய ‘நீலப்பெட்டி’ அதர்ன் இன்ஜினுக்கு டிசிசி டீகோடரும் ஒலியும் பொருத்தும் முறை

அதர்ன் நிறுவனம் நீல அட்டைப்பெட்டியில் விற்ற எச்ஓ அளவு (1:87) அமெரிக்க டீசல் மாடல் ரயில் இன்ஜின்கள் பழைய சாமான் சந்தையில் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. கனமான வார்ப்புச் சேசிஸ், எல்லா அச்சுக்கும் இழுவை, பெரும்பாலானவற்றில் மோட்டாரின் இரு பக்கமும் ஃபிளைவீல் என்று அடித்தளம் நன்றாகவே இருக்கும். மின்னணு என்று சொல்ல உள்ளே எதுவும் கிடையாது. ஒரு மோட்டார், ஒரு பல்பு, மேலே ஒரு நீளத் தகடு, அவ்வளவுதான். இதற்குள் டிசிசி டீகோடரும் (தண்டவாளம் வழியே வரும் டிஜிட்டல் கட்டளையைப் படித்து இன்ஜினை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) ஒலியும் ஏற்றும் வேலையை எஸ்டி40-2 மாடலை வைத்து இங்கே விளக்குகிறோம். ஜிபி38-2 போன்ற அதே வரிசை இன்ஜின்களுக்கும் முறை இதேதான்.

டீகோடரை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத்தான் பலரும் இன்ஜினைத் திறக்கிறார்கள். அது கடைசியில் வாங்க வேண்டிய பொருள். இன்ஜின் சாதாரண டிசி மின்சாரத்தில் சீராக ஓடுகிறதா, மோட்டார் அதிகபட்சம் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது, கூட்டுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்த பிறகுதான் எந்த டீகோடர், எந்த ஸ்பீக்கர் என்பதை முடிவு செய்ய முடியும்.

டிசியில் ஓட்டிப் பார்ப்பது

மேற்கூட்டின் இரு பக்க ஓரத்தையும் லேசாக விரித்தால் சேசிஸின் பிடிகளிலிருந்து கழன்றுவிடும். பழைய பிளாஸ்டிக் மொறமொறவென்று ஆகியிருக்கும்; ஒரே மூச்சில் இழுக்காமல் மூலைக்கு மூலையாக விடுவியுங்கள்.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, மோட்டாருக்குத் தொடராக இணைத்து, 12 வோல்ட் டிசி கொடுங்கள். தடையின்றி ஓடும்போது அரை ஆம்பியரைத் தாண்டினால் எங்கோ உராய்கிறது என்று பொருள். அடுத்து ஃபிளைவீலை விரலால் பிடித்து மோட்டாரை முழுதாக நிறுத்தி அளவைப் படியுங்கள். ஓரிரு விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம், சுருள் சுட்டுவிடும். இந்த நின்றுபோன நிலை மின்னோட்டம்தான் டீகோடரைத் தீர்மானிக்கும் எண். டீகோடரின் தொடர் திறன் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சவுண்ட்டிராக்ஸ் நிறுவனத்தின் சுனாமி2 ஒலி டீகோடர் வரிசையில் டிஎஸ்யு-1100 ஒரு ஆம்பியர், டிஎஸ்யு-2200 இரண்டு ஆம்பியர். ஈஎஸ்யு நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 ஒன்றரை ஆம்பியர். உங்கள் மோட்டார் 1.3 ஆம்பியர் காட்டினால் டிஎஸ்யு-1100 பக்கம் போகாதீர்கள். பெட்டியில் ‘உச்சம் 2 ஆம்பியர்’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்கினால், ஏற்றத்தில் ஒரு முறை சக்கரம் சிக்கும்போது பணம் புகையாகப் போகும்.

இரண்டு ஆம்பியரை நெருங்கினால் முதலில் மோட்டாரைச் சுத்தம் செய்யுங்கள். கம்யூட்டேட்டரை (பிரஷ்கள் உரசும் செம்பு உருளை) ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, துண்டுகளுக்கு இடையே உள்ள மூன்று பள்ளங்களிலும் அல்லது ஐந்து பள்ளங்களிலும் படிந்த கார்பன் தூளைப் பல்குச்சியின் முனையால் கீறி எடுங்கள். பள்ளத்தில் கார்பன் நிறைந்தால் பக்கத்துச் சுருள்கள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகி மின்சாரம் வீணாக ஓடும். தாங்கிகளுக்கு ஊசி முனையளவு எண்ணெய் போதும். இதற்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் காந்தம் வலுவிழந்திருக்கும். அந்த நிலையில் மூடிய உருளை வகை மோட்டார் ஒன்றை மாற்றிப் போடுவதே சரி. அது வேலையையும் சுலபமாக்கும். அதன் இரு முனைகளும் ஏற்கெனவே உடலிலிருந்து தனித்திருக்கும்.

பல்சக்கர இரைச்சலையும் இப்போதே கவனியுங்கள். நீலப்பெட்டி இன்ஜின்களின் உறுமல் பேர்போனது. எத்தனை நல்ல ஒலி டீகோடர் போட்டாலும் அந்தக் கரகரப்பின் மேல்தான் அது கேட்கும். கியர்பெட்டியைத் திறந்து, பல்சக்கரங்களைக் கழுவி, வார்ப்பில் மிச்சமிருக்கும் பிசிறுகளைச் சீவி, புழுப்பல்லின் (திருகு வடிவப் பல்சக்கரம்) இரு முனையிலும் உள்ள தளர்வை மெல்லிய வாஷரால் குறைத்தால் பாதி இரைச்சல் போய்விடும். பற்பசை வைத்துச் சில நிமிடம் ஓட்டித் தேய்க்கும் பழைய உத்தியும் வேலை செய்யும். ஆனால் பிறகு ஒவ்வொரு பல்லிடுக்கையும் பிரஷ்ஷால் கழுவும் பொறுமை வேண்டும். மிச்சமிருக்கும் பசை தேய்த்துக்கொண்டே இருக்கும்.

சக்கரங்கள் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக இருந்தால் அவை இரும்புத் தூளை அழுத்திச் செய்தவை. அழுக்கை ஈர்த்துப் பிடித்துக்கொள்ளும். டிசியில் இது சின்ன நடுக்கமாகத்தான் தெரியும். ஒலி டீகோடரில் ஒவ்வொரு தொடர்பு இழப்புக்கும் இன்ஜின் ஒலி செத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நிக்கல் சில்வர் சக்கரங்களுக்கு மாறிவிடுங்கள்.

மோட்டாரைச் சேசிஸிலிருந்து பிரிப்பது

முழு வேலையின் உயிர்நாடி இந்தக் கட்டம். டிசி முறையில் தண்டவாள மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகிறது. டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் சுமார் 14 முதல் 15 வோல்ட் மாறி மாறி ஓடும், அதிலேயே கட்டளையும் வரும். டீகோடர் அதை வாங்கி, மோட்டாருக்குத் தேவையானதைத் துண்டு துண்டாக நறுக்கிக் கொடுக்கிறது. மோட்டாரின் ஏதாவது ஒரு முனை தண்டவாளத்தோடு நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், தண்டவாள மின்சாரம் டீகோடரின் வெளியீட்டுப் பக்கமாகப் பாய்ந்து டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

நீலப்பெட்டியில் அப்படித்தான் அமைப்பு. ஒரு பக்கத் தண்டவாளத்தின் மின்சாரம் போகியின் (சக்கரத் தொகுதியின்) உலோகக் கோபுரம் வழியாக மேலேறி, நீளத் தகட்டின் மூலம் மோட்டாரின் மேல் கிளிப்புக்கு வருகிறது. மறுபக்க மின்சாரம் போகியின் தாங்குதளம் வழியாகச் சேசிஸுக்கு வந்து, மோட்டாரின் கீழ் கிளிப்பில் உள்ள இரண்டு சிறு நாக்குகள் சேசிஸை அழுத்தித் தொடுவதால் மோட்டாருக்குள் போகிறது. இந்த இரண்டு பாதையையும் துண்டிக்க வேண்டும்.

நீளத் தகட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள், இனி அதற்கு வேலையில்லை. சேசிஸின் அடியில் தெரியும் மோட்டார் பிடிமானக் குமிழ்களைத் தட்டை முனையால் மேல்நோக்கித் தள்ளினால் மோட்டார் எழும்பி வரும். இரு பக்க இணைப்புத் தண்டும் உருவிக்கொள்ளும். எது எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கிளிப். அதன் கீழே ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே கார்பன் பிரஷ். கிளிப்பை விரலால் மூடிப் பிடித்தபடி நழுவவிட்டுக் கழற்றுங்கள். மூடாமல் கழற்றினால் ஸ்பிரிங் அறையின் எந்த மூலைக்குப் போனது என்று தேடவேண்டி வரும். வேலையை ஒரு ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை. கீழ் கிளிப்பின் இரண்டு நாக்குகளையும் வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தை அரத்தால் சமப்படுத்துங்கள். மடக்கித் தட்டையாக்குவதும் வழக்கம்தான். ஆனால் மடக்கிய உலோகம் அதிர்வில் மெல்ல நிமிரக்கூடியது, ஆகவே வெட்டுவதே நல்லது.

வயரை கிளிப்பில் சால்டர் வைக்கும்போது கிளிப் மோட்டாரில் இருக்கக் கூடாது. சூட்டில் பிரஷ் அறையின் பிளாஸ்டிக் இளகி, பிரஷ் இறுகிப்போகும். கிளிப்பைத் தனியாக ஒரு மரப் பலகையில் வைத்து, அரத்தால் ஒரு கீறல் கீறி, 350 டிகிரியில் சூடேறிய முனையால் முதலில் கிளிப்பில் ஈயம் பூசி, பிறகு ஈயம் பூசிய வயரை ஒட்டவைத்து எடுங்கள். ரெசின் ஃபிளக்ஸ் மட்டும்தான். குழாய் வேலைக்கான அமில ஃபிளக்ஸ் சில மாதங்களில் மெல்லிய வயரைத் தின்றுவிடும். மேல் கிளிப்புக்கு ஆரஞ்சு வயர், கீழ் கிளிப்புக்குச் சாம்பல் நிற வயர்.

சேசிஸில் மோட்டார் உட்காரும் குழியில் சூடு தாங்கும் காப்டன் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். கறுப்பு மின் டேப் வேண்டாம். சூட்டில் அதன் பசை வழிந்து டேப் நகர்ந்துவிடும். சாம்பல் வயர் கீழிருந்து வெளியே வரும் பாதையில் சேசிஸின் கூர்மையான விளிம்பு இருந்தால் அதையும் அரத்தால் மழுக்குங்கள்.

மோட்டாரைத் திரும்ப உட்கார வைத்ததும் மல்டிமீட்டரை ஒலி எழுப்பும் தொடர்புச் சோதனையில் வைத்து, ஆரஞ்சுக்கும் சேசிஸுக்கும், சாம்பலுக்கும் சேசிஸுக்கும், பிறகு இரண்டு வயருக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். எங்கும் ஒலிக்கக் கூடாது. ஃபிளைவீலைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுழற்றியபடியும், மோட்டாரை விரலால் பக்கவாட்டில் அழுத்தியபடியும் இதையே மறுபடி செய்யுங்கள். சும்மா இருக்கும்போது தொடாமல் ஆடும்போது மட்டும் தொடும் நாக்குதான் இரண்டு வாரம் ஓடிவிட்டுப் பிறகு டீகோடரைக் கொல்லும்.

பிற பழைய இன்ஜின்களில் இடம் மாறும், கதை அதேதான். பிரிட்டனின் ஹார்ன்பி எக்ஸ்04 மோட்டாரில் பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு கையில் மட்டும் காப்புக் குழாய் இருக்கும், மறு கை உடலைத் தொடும். அந்தக் கைக்கும் குழாய் மாட்ட வேண்டும். வட்டத் தட்டு வடிவ லீமா மோட்டாரில் ஒரு பிரஷ் பிடிப்பான் உடலோடு இணைந்திருக்கும், அந்த இணைப்பைத் துண்டிக்க வேண்டும். இவற்றில் வானொலி இரைச்சலைத் தடுக்க மோட்டார் முனைகளுக்கு இடையே கெபாசிட்டர் வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிடுங்கள். டீகோடர் நறுக்கி அனுப்பும் மின்சாரத்தை அது விழுங்கி, மெதுவான ஓட்டத்தைக் கெடுக்கும்.

தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுப்பது

இன்ஜினின் பின்பக்கம் உங்களை நோக்கியும் முன்பக்கம் அப்பாலும் இருக்கும்படி வைத்தால் வலப்பக்கச் சக்கரங்களுக்குச் சிவப்பு வயர், இடப்பக்கத்துக்குக் கறுப்பு. எந்தப் பக்கம் சேசிஸோடு இணைந்திருக்கிறது என்பதை யூகிக்காமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். போகியை யாராவது முன்பே கழற்றித் திருப்பி மாட்டியிருக்கலாம்.

இரண்டு போகிகளின் கோபுர உச்சியிலும் தனித்தனி வயர் சால்டர் வைத்து ஒன்றாகச் சேருங்கள். கோபுரம் வளைவில் திரும்பும், எனவே மெல்லிய, பல இழை வயரை ஒரு சிறு வளையம் விட்டுக் கொண்டுவர வேண்டும். விறைப்பான வயர் போகியைத் தள்ளி வளைவில் தடம் புரளச் செய்யும். மறுபக்க மின்சாரத்துக்குச் சேசிஸில் 1.6 மி.மீ. துளை போட்டு எம்2 மரை வெட்டி, வளைய முனை வைத்த வயரைத் திருகால் இறுக்குங்கள். இவ்வளவு பெரிய உலோகத்தில் சால்டர் ஒட்டாது, முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். போகி சேசிஸைத் தொடும் தாங்குதளம் பல ஆண்டு மங்கலில் கறுத்திருக்கும். நுண் உப்புத்தாளால் பளபளக்கும் வரை தேய்த்துவிடுங்கள்; ஒலி திக்குவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு இடம்தான்.

சேசிஸில் மின்சாரம் இருப்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. கப்ளர் (இணைப்புக் கொக்கி) பெட்டி சேசிஸின் பகுதி. அதில் உலோக காடீ கப்ளர் போட்டிருந்தால் அதிலும் மின்சாரம் இருக்கும். இப்படிப்பட்ட இரண்டு இன்ஜின்களை முதுகோடு முதுகாக இணைத்தால் ஒன்றின் சேசிஸ் ஒரு தண்டவாளம், மற்றதன் சேசிஸ் மறு தண்டவாளம். கப்ளர்கள் தொட்ட உடனே ஷார்ட். தனித்தனியாக அருமையாக ஓடும் இரண்டு இன்ஜின்கள் சேர்த்தால் மட்டும் பூஸ்டரை (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் கருவி) நிறுத்துகின்றன என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். பிளாஸ்டிக் கப்ளர் பெட்டியும் பிளாஸ்டிக் திருகும் போட்டால் தீர்ந்தது.

டீகோடர் வயர்கள்

அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்த நிறங்கள் எல்லா நிறுவனத்துக்கும் பொது:

- சிவப்பு: வலத் தண்டவாளம். கறுப்பு: இடத் தண்டவாளம்.
- ஆரஞ்சு, சாம்பல்: மோட்டார்.
- நீலம்: விளக்குகளுக்கும் பிறவற்றுக்கும் பொதுவான நேர்முனை.
- வெள்ளை: முன்விளக்கு. மஞ்சள்: பின்விளக்கு. பச்சை, ஊதா: கூடுதல் வெளியீடுகள்.

பழைய இன்ஜினில் சாக்கெட் எதுவும் இல்லாததால், 8 பின் செருகியோடு வரும் டீகோடரை வாங்கிச் செருகியை வெட்டிவிடுவது வழக்கம். எஸ்டி40-2வின் நீண்ட முகப்புக் கூடு வெளியிலேயே சுமார் 21 மி.மீ. அகலம்தான். லோக்சவுண்ட் 5 சுமார் 30 மி.மீ. நீளம், 15.5 மி.மீ. அகலம். நீளத் தகடு போன இடத்தில், ஃபிளைவீலுக்கு மேலே சரியாக உட்காரும். பழைய ஜிபி35 போன்றவற்றில் அந்நாளைய பருத்த மோட்டாருக்காகக் கூட்டையே அளவுக்கு மீறி அகலமாக வார்த்தார்கள். பார்க்க அழகில்லை, ஆனால் டீகோடர் வைப்பவருக்கு வசதி.

ஒவ்வொரு இணைப்பையும் 1.5 மி.மீ. சுருங்கு குழாயால் மூடுங்கள். குழாயைச் சால்டர் வைப்பதற்கு முன்பே வயரில் கோத்துவிட வேண்டும். டீகோடரை மட்டும் எதிலும் சுற்றி மூடாதீர்கள். அது சூட்டை வெளியே விட வேண்டும். கீழே இரண்டு பக்கப் பசை நுரைத் துண்டு வைத்து ஒட்டினால் போதும்.

விளக்குக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பல்பின் பிடிப்பான் சேசிஸில் தொட்டிருக்கும், அதை முழுதாக எடுத்துவிடுங்கள். 3 மி.மீ. வெதுவெள்ளை எல்இடியின் நேர்முனை நீல வயருக்கு, எதிர்முனை 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக வெள்ளை வயருக்கு. டீகோடர் தரும் சுமார் 13 வோல்ட்டில் எல்இடி 3 வோல்ட் எடுத்தால் 10 மில்லிஆம்பியர் ஓடும், தாராளம். யாராவது பழைய தோற்றத்துக்காக 1.5 வோல்ட், 30 மில்லிஆம்பியர் குட்டிப் பல்பு வேண்டும் என்றால் 390 ஓம் போடலாம். ஆனால் ரெசிஸ்டர் மூன்றில் ஒரு பங்கு வாட்டுக்கு மேல் சூடாகும். கால் வாட் ரெசிஸ்டர் கருகும், அரை வாட் போடுங்கள், கூட்டின் பிளாஸ்டிக்கைத் தொடாமல் வையுங்கள்.

ஸ்பீக்கர்

ஒலியின் தரம் என்று மக்கள் டீகோடருக்குக் கொடுக்கும் பாராட்டில் பெரும்பங்கு ஸ்பீக்கர் பெட்டிக்குச் சேர வேண்டியது. ஸ்பீக்கரின் முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் போவது தாழ்ந்த ஒலி. டீசல் இன்ஜினில் தாழ்ந்த ஒலி போனால் மிச்சம் கொசு ரீங்காரம்தான். அதனால் பின்பக்கம் காற்றுப் புகாத பெட்டியாக இருந்தே ஆக வேண்டும்.

இடம் குறைவான கூட்டுக்கு 11 × 15 மி.மீ. ‘சர்க்கரைக் கட்டி’ ஸ்பீக்கர் நல்ல தேர்வு. பெட்டியை 1 மி.மீ. ஸ்டைரீன் தகட்டில் நீங்களே செய்யலாம். அகலம் ஸ்பீக்கரின் அகலம்தான், ஆனால் நீளத்தையும் உயரத்தையும் இடம் உள்ளவரை கூட்டுங்கள். உள்ளே அடைபடும் காற்று கூடக் கூடத் தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்கும். வயர் வெளியே வரும் துளையைப் பசையால் அடையுங்கள். சோதிக்க, ஹாரனை ஒலிக்கவிட்டு ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை அழுத்திப் பாருங்கள். ஒலி மாறினால் அங்கே காற்று கசிகிறது. ஸ்பீக்கரின் வாய் மேற்கூட்டின் விசிறித் துளைகளை நோக்கியோ, கீழே போகியின் திறந்த இடத்தை நோக்கியோ இருக்கட்டும். அடைத்த சுவரைப் பார்த்து வைத்தால் எத்தனை பெரிய பெட்டி செய்தும் பலனில்லை.

மின்தடையைக் கவனமாகப் பாருங்கள். லோக்சவுண்ட் 5 நான்கு முதல் 32 ஓம் வரை தாங்கும். 8 ஓமுக்கென்று குறித்த டீகோடரில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டால் 4 ஓம் ஆகி ஒலிபெருக்கி சூடேறிச் சாகும். தொடராகப் போட்டால் 16 ஓம், ஒலி கொஞ்சம் குறையும், ஆபத்தில்லை. இரண்டு ஸ்பீக்கர் போட்டால் நேர், எதிர் முனைகள் இரண்டிலும் ஒரே ஒழுங்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும்.

முன்பே ஒலி டீகோடர் இருந்த இன்ஜினைப் புதுப்பிக்கிறீர்கள் என்றால் பழைய ஸ்பீக்கரை அப்படியே வைத்துக்கொள்ள ஆசை வரும். பழைய லோக்சவுண்ட் 3.5 டீகோடர்கள் 100 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்யப்பட்டவை. அந்த ஸ்பீக்கரைப் புதிய டீகோடரில் மாட்டினால் ஒலி முணுமுணுப்பாகத்தான் வரும். தலைகீழாக, பழைய 3.5இல் 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் டீகோடரே போகும்.

ஸ்பீக்கர் முனைகள் எதுவும் சேசிஸைத் தொடக் கூடாது. ஸ்பீக்கரின் காந்தம் சீவிய உலோகத் தூளை இழுக்கும் என்பதால், அரம் வேலையெல்லாம் முடிந்து மேசையைத் துடைத்த பிறகே அதை வெளியே எடுங்கள்.

எந்த இன்ஜினின் ஒலி என்பதும் முக்கியம். உண்மையான எஸ்டி40-2வில் டர்போ பொருத்திய 16 சிலிண்டர் இஎம்டி 645 டீசல் இன்ஜின், 3,000 குதிரைத்திறன். வேகம் கூடும்போது டர்போவின் சீழ்க்கை மேலெழும். ஜிபி38-2விலும் 645தான், ஆனால் டர்போ இல்லாத 2,000 குதிரைத்திறன் வகை. அதற்குச் சீழ்க்கையில்லாத கரகரத்த உறுமல். டீகோடரில் இரண்டும் தனித்தனியாக இருக்கும், மாற்றி ஏற்றிவிட்டால் ரயில் பார்ப்பவர்கள் கூட்டை மூடும் முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மின்சாரம் தவறும்போது தாங்க

அழுக்குத் தண்டவாளத்திலும் தடம் மாற்றும் சுவிட்சுகளிலும் ஒலி அறுபடாமல் இருக்க சூப்பர் கெபாசிட்டர் தொகுதி சேர்க்கலாம். ஈஎஸ்யு, சவுண்ட்டிராக்ஸ் இரண்டும் தங்கள் டீகோடருக்கென்றே விற்கின்றன. சொந்தமாகச் செய்வதென்றால் 2.7 வோல்ட், 1 ஃபேரட் கெபாசிட்டர் ஆறு தொடராக, மொத்தம் 16.2 வோல்ட் தாங்கும். 100 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் வழியாக மின்னேற்றம் நடக்கட்டும். அந்த ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு 1என்4001 டையோடு, கோடு போட்ட முனை நீல வயர் பக்கம். கெபாசிட்டர் வரிசைக்குக் குறுக்கே 15 வோல்ட் ஜீனர் டையோடு. ரெசிஸ்டர் இல்லாமல் நேராக மாட்டினால் நாலைந்து இன்ஜின்கள் ஒரே நேரத்தில் மின்னேற்றம் இழுக்க, பூஸ்டர் ஷார்ட் என்று நினைத்து நின்றுவிடும்.

ஆறு தொடரானால் மொத்தம் 0.167 ஃபேரட். மோட்டாரும் ஒலியும் 0.3 ஆம்பியர் எடுத்து, 13 வோல்ட்டிலிருந்து 7 வரை இறங்கும் வரை சுமார் 3 விநாடி தாங்கும். எந்தச் சுவிட்சையும் கடக்க இது போதும். எதிர்முனையை டீகோடரின் உள் தரை முனையில் சேர்க்க வேண்டும்; அது கறுப்புத் தண்டவாள வயர் அல்ல. கறுப்பில் சேர்த்தால் டீகோடரும் கெபாசிட்டரும் சேர்ந்து போகும். தரை முனை எங்கே என்று டீகோடரின் கையேடு காட்டாவிட்டால் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

முதல் சோதனையும் சிவிகளும்

கூட்டை மூடாமல், இன்ஜினை நிரல் தண்டவாளத்தில் (டீகோடரின் அமைப்புகளை எழுதவும் படிக்கவும் உள்ள தனித் தண்டவாளம்) வையுங்கள். அங்கே மின்சாரம் குறைத்துக் கொடுக்கப்படுவதால் தவறு இருந்தாலும் டீகோடர் பிழைக்க வாய்ப்புண்டு. நேராக ஓட்டத் தண்டவாளத்தில் வைப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சிவி என்பது டீகோடர் தன் அமைப்புகளைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம். சிவி 8ஐப் படியுங்கள். நிறுவன எண் வந்தால் வயரிங் பெரும்பாலும் சரி. டீகோடர் தன் பதிலை மோட்டாரில் ஒரு சிறு துடிப்பு விட்டுத்தான் சொல்கிறது. ஆரஞ்சோ சாம்பலோ விட்டுப்போயிருந்தால் பதிலே வராது.

இன்ஜினை அழைக்கும் எண்ணான முகவரி அடுத்தது. இன்ஜினின் பக்கவாட்டில் 6241 என்று இருந்தால் அதையே வைப்பது வழக்கம். பெரும்பாலான கட்டுப்பாட்டுக் கருவிகளும், இலவச மென்பொருளான ஜேஎம்ஆர்ஐயும் தாமாகவே கணக்கிடும். கையால் எழுத வேண்டுமானால்: 6241ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 24, மீதி 97. சிவி 17இல் 192 + 24 = 216, சிவி 18இல் 97. சிவி 29இல் நீள முகவரிக்கு 32, 28/128 வேகப் படிகளுக்கு 2, ஆக 34. டிசியிலும் ஓட வேண்டும் என்று இன்னொரு 4 சேர்ப்பார்கள். சேர்க்காதீர்கள், டிசிசி குறிகை ஒரு கணம் தவறும்போது அதை டிசி என்று எண்ணி இன்ஜின் முழு வேகத்தில் பாயும்.

முன்னே போகச் சொன்னால் பின்னே போகிறதா? சிவி 29இல் 1 சேர்த்தால் திசை மாறும், ஆனால் விளக்கும் சேர்ந்து மாறிவிடும். ஆரஞ்சையும் சாம்பலையும் இடம் மாற்றிச் சால்டர் வைப்பதே முறை.

லோக்சவுண்டில் மோட்டாரைத் தானாகப் பழக்கும் வசதி உண்டு. நேரான, சமதளமான, நல்ல நீளத் தண்டவாளத்தில் வைத்து, சிவி 54இல் 0 எழுதி, கட்டுப்பாட்டுக் கருவியின் எஃப்1 பொத்தானை அழுத்துங்கள். இன்ஜின் ஒரு கணம் முழு வேகத்தில் பாய்ந்து நிற்கும், அந்த ஓட்டத்தில் மோட்டாரின் குணத்தை அளந்துகொள்ளும். தண்டவாளத்தின் முடிவில் கையை வைத்துக்கொண்டு தயாராக இருங்கள். பழைய நீலப்பெட்டி மோட்டார்களுக்கு இந்த ஒரு படி செய்யும் மாற்றம் பெரிது.

ஒலியளவு கடையிலிருந்து வரும்போது அதிகமாகத்தான் இருக்கும். லோக்சவுண்டில் சிவி 63, உச்சம் 192, 90இல் தொடங்குங்கள். சுனாமி2வில் சிவி 128. சிறிய ஸ்பீக்கரை உச்சத்தில் ஓட்டினால் ஹாரன் கிழிந்த குரலில் கேட்கும், நாளடைவில் கூம்பும் கிழியும்.

ஓடாதபோது எங்கே பார்ப்பது

வைத்த உடனே பூஸ்டர் நின்றால்: பல்புப் பிடிப்பான், சேசிஸ் விளிம்பில் நசுங்கிய வயர், வெட்டாமல் விட்ட நாக்கு என்ற வரிசையில் பாருங்கள்.

இன்ஜின் ஓடுகிறது, ஒலி மட்டும் இல்லை என்றால் டீகோடரைக் கழற்றும் முன் எஃப்8ஐ அழுத்துங்கள். லோக்சவுண்டில் எஃப்8 அழுத்தினால்தான் இன்ஜின் ‘ஸ்டார்ட்’ ஆகும். சுனாமி2வில் அதே எஃப்8 ஒலியை அடக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர்கள் இதில் மாட்டாமல் இருப்பது அரிது.

சிவி படிக்க முடியவில்லை, ஆனால் ஓட்டத் தண்டவாளத்தில் கட்டளைகளைக் கேட்கிறது என்றால் கெபாசிட்டர் தொகுதியோ, ஒலிப் பகுதி தொடக்கத்தில் இழுக்கும் மின்சாரமோ குறுக்கே நிற்கிறது. தொகுதியைத் தற்காலிகமாகப் பிரியுங்கள், அல்லது ஓட்டத் தண்டவாள நிரல் முறையில் எழுதுங்கள். அந்த முறையில் படிக்க முடியாமல் போகலாம், எழுத முடியும்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு துள்ளல் வந்தால் அச்சில் உள்ள பிளாஸ்டிக் பல்சக்கரம் பிளந்திருக்கிறது. லைஃப்-லைக் புரோட்டோ 2000 இன்ஜின்களில் இது பரவலான நோய்; அதர்னின் 60024 எண் கொண்ட பல்சக்கர அச்சு அதற்குப் பொருந்தும். பிளந்ததைப் பசை வைத்து ஒட்டுவது வீண், அந்தப் பிளாஸ்டிக்கில் எதுவும் நிற்காது.

திறந்த நிலையில் தெளிவாகக் கேட்ட ஒலி, கூட்டை மூடியதும் நறநறக்கிறது என்றால் தளர்ந்த கைப்பிடிக் கம்பியோ, ஜன்னல் கண்ணாடியோ, கூட்டின் சுவரில் உரசும் ஸ்பீக்கர் பெட்டியோ அதிர்கிறது. ஹாரனை அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள். எதைத் தொட்டதும் நறநறப்பு நிற்கிறதோ அங்கே ஒரு துளி பசை, அல்லது பெட்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு மெல்லிய நுரைத் துண்டு.